வெர்னாவின் கிளட்ச்சும் ஆர்லினின் காலும்

வடக்கு டகோட்டாவில் ஒரு தானியக் கிடங்கில் எடை போடுகிறவள் வெர்னா ஹாக்ஸ்டாட். தன் பழைய பிக்கப் வண்டியை இருபத்தாறு வருடமாக அவளே பழுதுபார்த்து ஓட்டுகிறாள். ஒரு வாரமாகக் கிளட்ச் பெடல் கொழகொழவென்று அமுங்கியது. கியர் விழ மறுத்தது.

"அக்கா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் டிரெய்லரோட வர்றேன். அதுக்குள்ள ஓடலேன்னா பழைய இரும்புக்குப் போட்டுடணும்" என்றான் தம்பி டெல்மர்.

"சரி, வா. காபி போட்டு வைக்கிறேன்" என்றாள் வெர்னா.

வேலை என்னவோ சின்னதுதான். கிளட்ச்சின் பழைய ஆயிலை வெளியேற்றிப் புதிது ஊற்ற வேண்டும். ஞாயிறு காலை அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்தாள். பெடலை மிதிக்க மேலே சீட்டில் கணவன் ஆர்லின்.

"அமுக்கு. புடிச்சுக்க."

அவள் திருகைத் திறந்ததும், கடுங்காப்பி நிறத்தில் ஆயில் குழாய் வழியே வடிந்தது. மூடிவிட்டு, "விடு" என்றாள். இப்படியே பத்து முறை. நிறம் தெளிந்துகொண்டே வந்தது.

அந்த ஊரில் எதிரே வண்டி வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார்கள், அதுவே வணக்கம். ஆர்லினுக்கு அது போதாது. யார் போனாலும் இறங்கிப் போய் மழை, கோதுமை எல்லாம் பேசியாக வேண்டும். பாதிரியாரின் கார் வந்தது. திருகு திறந்திருக்கும்போதே ஆர்லின் காலை எடுத்துவிட்டு இறங்கிப் போனான். குழாய் சர்ரென்று காற்றை உறிஞ்சியது; உள்ளே காற்று இருந்தால் கிளட்ச் பிடிக்காது, எல்லாம் முதலிலிருந்து.

வெர்னா அவசரமாகத் திருகை மூடினாள். புது ஆயில் பாட்டிலில் பாதிதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை கடையும் கிடையாது. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பது தெரிந்தும் இந்த மனிதனை உட்காரவைத்தது தன் தப்புதான் என்று பல்லைக் கடித்தாள்.

"பாதிரியாரைப் பாத்தும் பேசாம இருந்தா என்ன நினைப்பாரு, வெர்னா?" என்றான் திரும்பி வந்த ஆர்லின்.

"ஒண்ணும் நினைக்க மாட்டாரு. ஏறி உக்காரு."

சீட் பெல்ட்டை இழுத்து அவனுக்கு அவளே மாட்டினாள். மறுபடி அமுக்கு, புடி, விடு. அதன்பின் மூன்று வண்டிகள் போயின; ஆர்லின் கையை மட்டும் ஆட்டினான். குமிழிகள் குறைந்தன, நின்றன. பாட்டிலில் ஒரு விரற்கடை ஆயில் மிஞ்சியபோது பெடல் கல்லைப் போல நிமிர்ந்து நின்றது.

மத்தியானம் டெல்மர் வந்து, டிரெய்லரிலிருந்து சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தான். பிக்கப் சத்தமில்லாமல் கியரில் விழுந்து அவனைத் தாண்டிப் போனது. வெர்னா ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினாள். சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு அவனும் உயர்த்தினான். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

"காபி அடுப்புல இருக்குடா, ஊத்திக்க" என்றாள்.