நாறாத மீன்

முதலில் அவருடைய முகம் சிவந்தது. சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நாக்கு எரியுது. மிளகு கூடப் போட்டியா?" என்று கேட்டார். நான் மிளகே போடவில்லை.

என் கணவர் சிவராஜா, ராகலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். இருதயக் குழாயில் அடைப்பு இருந்ததால் கிளினிக்கில் மருந்து எடுத்துவந்தார். இறைச்சியைக் குறைத்து மீன் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் வந்த மீன்காரரிடம் பலயா (சூரை மீன்) வாங்கினேன். பெட்டியில் ஐஸ் உருகித் தண்ணீராகக் கிடந்தது. கழுவி பிரிட்ஜில் வைத்தேன். புதன்கிழமை முகர்ந்து பார்த்தேன். கெட்ட வாடை இல்லை. குழம்பு வைத்தேன்.

அரை மணித்தியாலத்துக்குள் அவருக்கு வாந்தி, நெஞ்சு வலி. எனக்கும் உடம்பெல்லாம் தடித்தது. அயலவர்கள் முச்சக்கர வண்டியில் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டதும் என் தடிப்பு மாலைக்குள் அடங்கிவிட்டது. அவருக்கு இரத்த அழுத்தம் இறங்கி மாரடைப்பு வந்துவிட்டது.

"பிரிட்ஜுல தானே வச்சேன் டாக்டர்? கெட்டிருந்தா நாறியிருக்குமே?"

"இந்த மீன் நாறாமலும் கெடும்மா. ஐஸ் இல்லாம கெடந்தப்பவே பாக்டீரியா வேலையத் தொடங்கிரும். பிரிட்ஜுல வச்சா மெதுவாகும், நிக்காது."

"நல்லா கொதிக்க வச்சேனே."

"கொதிச்சா பாக்டீரியா சாகும். அது மீன்ல உண்டாக்கின நஞ்சு போகாது."

அந்த நஞ்சின் பெயர் ஹிஸ்டமின் (ஒவ்வாமையின்போது நம் உடம்பே சுரக்கும் பொருள்). மற்றவர்கள் ஒரு நாளில் தேறிவிடுவார்கள். பழுதான இருதயம் சில வேளை தாங்காது என்றார் டாக்டர்.

இரண்டாம் நாள் அவர் கண் திறந்தார். "நீ பாத்துப் பாத்துத்தான் சமைச்ச. இந்த நெஞ்சுதான் சரியில்ல," என்றார்.

"பேசாம படுங்க," என்றேன். மீனைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. ஒன்பதாம் நாள் இறந்தார். மீன்தான் காரணம் என்று தெரியாமலேயே போனார்.

இதைப் படிப்பவர்களுக்கு: ஐஸ் உருகிய மீனை வாங்காதீர்கள். சாப்பிட்டதும் முகம் சிவந்தால், நாக்கு எரிந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாங்கள் உடனேதான் போனோம். அதையும் சொல்ல வேண்டும்.

என் உடம்பு ஒரே மாலையில் தேறியதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஞாயிறிலிருந்து புதன்வரை நான் கொழுந்து பறித்தேன், துணி துவைத்தேன், அவரோடு சிரித்தேன். அந்த மூன்று நாளும் பிரிட்ஜுக்குள் மீனில் நஞ்சு சேர்ந்துகொண்டிருந்தது. இப்போது எந்த நாள் அமைதியாகப் போனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.