ஸ்டோர்ஸ் சார் சொன்ன ‘வேணாம்’

டில்லிபாபு போன் செய்தபோது நான் கவரைப்பேட்டை குடோன் வாசலில் நின்று லோடு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, ஸ்டோர்ஸ் சார் பூட்டாருண்ணே" என்றான். காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். அவர் மனைவி மேரி அக்கா டம்ளரை எடுக்கப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தபோது பதில் இல்லை. இதைச் சொல்லிவிட்டு டில்லி மெதுவாக, "அப்போ ஞாயித்துக்கெழம?" என்று கேட்டான்.

"அறிவு கீதாடா உனக்கு?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அவன் கேட்டது தப்பு என்பதற்காகக் கத்தவில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் இறந்துவிட்டார் என்று காதில் விழுந்ததும், பழவேற்காட்டுக்குப் போகும் நாளை இனி யார் பார்த்துச் சொல்வது என்று யோசித்தவன் நான். இந்த அஞ்சலியை என்னை எழுதச் சொன்ன நண்பர்கள் இதைத் தெரிந்துகொண்டே மேலே படிக்கட்டும்.

பாக்கியநாதன் என்ற அவருடைய பெயரைச் சொல்லி நாம் யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜாக இருந்தார். நான் அந்தக் கம்பெனிக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்தவன். என் முதல் லோடையே திருப்பி அனுப்பினார். ஈரம் பார்க்கிற மீட்டர் எதுவும் வைத்துப் பார்க்கவில்லை. ஒரு பெட்டியை எடுத்துக் கன்னத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு கண்ணை மூடினார். "இன்னாபா, உன் அட்டை தண்ணி குடிச்சிக்கினு கீது. எத்துக்கினு போ" என்றார். மழைக்காலம், குடோன் ஒழுகியிருந்தது. எனக்கு அது தெரியும். அவருக்குத் தெரியாது என்று நினைத்து அனுப்பியிருந்தேன்.

அந்த ஆளை எப்படிக் கைக்குள் போட்டுக்கொள்வது என்று விசாரித்தேன். தண்ணி கிடையாது, தீபாவளி ஸ்வீட் பாக்ஸைக் கூட வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவார், ஞாயிற்றுக்கிழமையானால் பழவேற்காடு ஏரியில் தூண்டில் போடுவார் என்று சொன்னார்கள். மறு வாரமே நான் ஒரு தூண்டில் வாங்கினேன். மீன் பிடிக்க எனக்கு ஆசை எதுவும் இருந்ததில்லை. ஆர்டர் பிடிக்கத்தான் ஏரிக்குப் போனேன். அவரும் அன்பாகத்தான் கூட்டிக்கொண்டு போனார். இறாலை முள்ளில் எப்படிக் கோப்பது என்று கையைப் பிடித்துக் காட்டினார். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை என் லோடில் பாதியை மறுபடியும் திருப்பி அனுப்பினார். போனில் கேட்டேன், "இன்னா சார், முந்தாநேத்து ஒண்ணா உக்காந்து நாஷ்டா துன்னோம்!" அவர் சிரித்தார். "ஏரில நீ எனக்கு ஃப்ரெண்டு. கம்பெனி கேட்டுல நீ சப்ளையர். ரெண்டையும் கொழப்பிக்காத முதலாளி." சைக்கிளில் பழைய அட்டை கட்டி விற்றுக்கொண்டிருந்த என்னை முதலாளி என்று முதலில் கூப்பிட்டவர் அவர்தான். கேலியாகத்தான். இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது.

டில்லி டயர் கடை வைத்திருக்கிறவன். அவன் சேர்ந்தான், அவன் மைத்துனன் சேர்ந்தான், இன்னும் சிலர் சேர்ந்தார்கள். என் வேனில்தான் எல்லோரும் போவோம். நாள் குறிப்பது மட்டும் ஸ்டோர்ஸ் சார் வேலை. மாதக் கடைசியில் எனக்குப் போன் வரும். "முதலாளி, உன் காலண்டர்ல அமாவாசை என்னிக்குன்னு பாரு. அதுக்கப்புறம் திருதியை என்னிக்கு வருதுன்னு சொல்லு." அதை ஒட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமையைக் குறிப்பார். அவர் வீட்டில் மாட்டியிருந்தது கோயில் பங்கு காலண்டர். அதில் புனிதர்களின் திருநாள் எல்லாம் இருக்கும், திதி இருக்காது. நான் ராகு காலம் பார்ப்பதற்காகக் கிழிக்கிற தாளில் அவர் தண்ணீர் பார்த்தார். அமாவாசை, பௌர்ணமி கழிந்து இரண்டு மூன்று நாளில் ஏற்றமும் வற்றமும் வேகமாக இருக்கும், தண்ணீர் ஓடினால்தான் முகத்துவாரத்தில் கொடுவா வரும் என்பது அவர் கணக்கு. எனக்கோ அமாவாசையன்று கடையில் பூசணி உடைக்கணும், நகர முடியாது. அஷ்டமி நவமியில் புதுப் பார்ட்டியிடம் பேச மாட்டேன், ஓய்வாக இருப்பேன். "அஷ்டமியில போலாமே சார்" என்பேன். "அஷ்டமியில ஏரியும் கடைய மூடிக்கும்பா. தண்ணி நவுராது. கெளுத்தி தான் வரும்" என்பார்.

திருதியைக்குப் போனாலும் கெளுத்திதான் வந்தது என்பதை நாம் மறக்கவில்லை. அவர் கணக்கு தவறிய நாட்கள் நிறைய உண்டு. தவறியது என்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். நிலா மேல் பழி போடுவார், படகுக்காரர் சேகர் போட்டுக்கொண்டு வந்த சட்டை நிறத்தின் மேல் பழி போடுவார். ஒருமுறை டில்லியின் மைத்துனன் ரிங்டோனால்தான் மீன் ஓடிவிட்டது என்று வழியெல்லாம் சண்டை. கெளுத்தி சார் என்று டில்லி அவர் காதுபடவே சொல்வான். "கெளுத்திய கையில புடிச்சிப் பாரு, அப்புறம் பேசு" என்பார்.

ஆனால் நாள் குறிப்பதைவிட முக்கியமான ஒரு வேலையை அவர் செய்துகொண்டிருந்தார். குறித்த நாளை ரத்து செய்வது. விடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய்த் தொழிற்பேட்டையின் புகைக்கூண்டுகளைப் பார்ப்பார். புகை எழுந்து நின்றால் போகலாம். படுத்துவிட்டால் காற்று வரப்போகிறது. போனில் வருகிற வானிலையையும் பார்ப்பார், சேகரிடமும் கேட்பார், கடைசியில் புகையைத்தான் நம்புவார். நாங்கள் இட்லி கட்டிக்கொண்டு, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில்வே கேட் அருகே வந்து நிற்கும்போது குரூப்பில் செய்தி வரும்: "இன்னைக்கு வேணாம்." அவ்வளவுதான். ஏன் என்று எழுத மாட்டார். வெயில் சுத்தமாக அடிக்கும், ஒரு இலை ஆடாது. "பேஜாரு புடிச்ச மனுஷன்" என்று திட்டிக்கொண்டே ரோட்டோரத்தில் இட்லியைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவோம். ஒரு நாளும் மீறிப் போனதில்லை. அது அவர் மேல் இருந்த மரியாதை என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் ரிட்டையர் ஆனார்.

நாற்காலிக்குப் புது ஆள் வந்தார். என் சப்ளை நிற்கவில்லை, ஸ்டோர்ஸ் சாரோடு ஏரிக்குப் போவதும் நிற்கவில்லை. ஆர்டருக்காகப் போனவன் ஆர்டர் இல்லாமலும் போகிறேனே என்று எனக்கு என் மேலேயே பெருமை. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை "இன்னைக்கு வேணாம்" வந்தது. வழக்கம் போல நாங்கள் கேட் அருகே நின்றுகொண்டிருந்தோம். டில்லி என்னைப் பார்த்தான். "கெளம்புங்கடா, பாத்துக்கலாம்" என்று வேனை எடுத்தவன் நான்தான்.

அன்று ஒன்றும் ஆகவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். காற்று வரவில்லை, ஏரி கண்ணாடி போலக் கிடந்தது. நம் கூட்டம் அதுவரை பார்த்திராத அவ்வளவு பெரிய கொடுவா என் தூண்டிலில் மாட்டியது. அதை இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்து, "இன்னைக்கு வேணாமா சார்?" என்று எழுதி அவருக்கே அனுப்பினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரிடமிருந்து பதில் வந்தது: "நல்ல மீனு. கொழம்புல போட்டு கெடுக்காத. வறுத்துடு."

வியாபாரத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. ஒரு லாரி பத்திரமாக வந்து சேர்ந்ததால், டிரைவர் வழியில் கண்ணயரவில்லை என்று ஆகிவிடாது. அன்று ஏரியில் நான் அதை நினைக்கவில்லை. அவர் ஸ்டோர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அந்த வேனை எடுத்திருப்பேனா என்றும் நினைக்கவில்லை. எடுத்திருக்க மாட்டேன். அது எனக்கு இப்போது தெரிகிறது. அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். பெட்டியைக் கன்னத்தில் வைத்தே ஈரத்தைக் கண்டுபிடித்தவர்.

அதற்குப் பிறகு குரூப்பில் அந்தச் செய்தி வரவே இல்லை. நாள் குறிப்பார், வருவார், சிரிப்பார். ரிட்டையர் ஆனதும் மனுஷன் நல்லவராகிவிட்டார் என்று பேசிக்கொண்டோம்.

போன வருஷம் படகு சேற்றில் மாட்டியதே, அது உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தப் படகில் சேகர், டில்லி, சார், நான். மேற்கிலிருந்து வந்த மேல்காற்று தண்ணீரைக் கடல் பக்கம் தள்ள, வற்றமும் சேர்ந்துகொள்ள, ஏரி எங்கள் கண் முன்னாலேயே வடிந்துபோனது. படகு தரை தட்டிச் சாய்ந்தது. இறங்கினால் முழங்கால் வரை சேறு. தண்ணீர் திரும்பி வரும்வரை வெயிலில் உட்கார்ந்திருந்தோம். டில்லிக்குத் தலை சுற்றியது. ஸ்டோர்ஸ் சார் தன் பையைத் திறந்தார். ஒரு பெரிய கேன் தண்ணீர், ஒரு பழைய குடை, கயிறு, உப்பும் சர்க்கரையும் கலந்த ஒரு பாட்டில். மீன் பிடிக்க வந்தவர் பை மாதிரியே இல்லை அது.

"சார், இப்டி ஆகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் தெரியும்."

"அப்போ இன்னாத்துக்கு சொல்லல?"

"சொன்னா போட்டோ அனுப்புவீங்களே நைனா" என்றார்.

சேகர் சிரித்துவிட்டார். தலைசுற்றலிலும் டில்லி சிரித்தான். நானும் சிரித்தேன். அவர் குடையை டில்லி தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாதது போல் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தண்ணீர் வந்தது, படகு மிதந்தது, வழியில் டீ குடித்தோம், வீட்டுக்கு வந்தோம்.

அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து மேரி அக்காவைப் பார்க்கப் போனேன். வழக்கமாகச் சொல்கிற ஆறுதலைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அவராகவே பேசினார்.

"உங்க கூட வர்ற அன்னிக்கு மட்டும் விடிஞ்சதும் மாடிக்கு ஏறிடுவாருப்பா. சில நாள் எறங்கி வந்து ‘இன்னைக்கு வேணாம் மேரி’ன்னுவாரு. சரி, படுங்கன்னுவேன். எங்க படுத்தாரு? பையில தண்ணியும் குடையும் வெச்சிக்குனு கெளம்பிடுவாரு. வேணாம்னு சொல்லிட்டு ஏன் போறீங்கன்னு கேட்டா, ‘அவனுங்க எப்படியும் போவானுங்க, கூட ஒருத்தனுக்காவது தெரிஞ்சிருக்கணும்’ன்னுவாரு. ஏன், உங்க கிட்ட சொன்னதே இல்லியா?"

இல்லை என்று சொன்னேன். அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நாம் அவரை மதிக்காமல் விட்டோம் என்பதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. கூட்டாளிகளுக்குள் அப்படித்தான் இருக்கும், அவரும் நம்மைக் கலாய்த்தவர்தான். அவர் தன் ‘வேணாமை’ விட்டுவிட்டார் என்று நினைத்தேன், அவர் விடவே இல்லை. நமக்குச் சொல்வதைத்தான் நிறுத்திக்கொண்டார். போகக் கூடாது என்று தெரிந்த ஒவ்வொரு நாளும் அந்த வயதில், அந்த உடம்போடு, நமக்காக வந்து படகில் உட்கார்ந்திருக்கிறார். நாம் மீன் வரவில்லையே என்று அவரைக் கேலி செய்துகொண்டிருந்தோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் நினைவாக ஏரிக்குப் போகலாம் என்று முடிவு செய்திருந்தோம். மாலை வாங்கியாகிவிட்டது, சேகரிடம் சொல்லியாகிவிட்டது, எல்லோரும் கேட் அருகே வந்துவிட்டார்கள். நான் விடியலில் எங்கள் வீட்டு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். புகை ஒரு மாதிரி சாய்ந்திருந்தது. படுத்திருக்கிறதா, சும்மா சாய்ந்திருக்கிறதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட்டுக்கு வந்து, "இன்னைக்கு வேணாம்" என்றேன்.

"இன்னாண்ணே, நீ ஸ்டோர்ஸ் சாரா?" என்றான் டில்லி. "உனக்கு காத்தப் பத்தி இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது."

"அவுருக்கு மால போடத்தானே போறோம்! இன்னிக்குமா?"

"அவுரு வந்திருந்தா குடை எத்துக்குனு வந்திருப்பாரு. நம்ம கிட்ட யாரு கையில கீது?" என்றேன். வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொல்லிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். மாலையை மேரி அக்கா வீட்டுப் படத்துக்குப் போட்டோம். சாயங்காலம் வரை ஒரு காற்றும் வரவில்லை. டில்லி இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறான்.

திட்டட்டும். அந்த வார்த்தையை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன், இனியும் சொல்வேன். ஆனால் நண்பர்களே, என் வார்த்தை ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். வேன் என்னுடையது. நாற்காலி இருந்தவரை அவர் வார்த்தையும் அப்படித்தான் நின்றது. நாற்காலி போன பிறகு அவர் வெறுங்கையோடு ஒரே ஒருமுறைதான் நம்மிடம் அதைச் சொல்லிப் பார்த்தார். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறேன்.