மகளுக்கு விட்ட இருட்டு

லிஃப்டில் ஏறுகிறவர்கள் கதவைப் பார்ப்பார்கள், மாடி எண்ணைப் பார்ப்பார்கள், தங்கள் செருப்பைப் பார்ப்பார்கள். லிஃப்ட்காரரை யாரும் பார்ப்பதில்லை. பொத்தான் பலகைக்கும் சுவருக்கும் நடுவே அரை ஆள் நிற்கிற மூலை ஒன்று உண்டு. அதில் முழு ஆளாக ஒண்டிக்கொண்டே அவர் தன் வேலைக்காலத்தை ஓட்டிவிட்டார். வயிற்றை எக்கினால் இன்னொருவர் ஏறலாம் என்றால் எக்கிக்கொள்வார். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. வீட்டு சோபாவில் கைப்பிடியோடு ஒட்டித்தான் உட்காருவார்.

"நடுவுல யாரு, மந்திரி வந்து உக்காரப் போறாரா?" என்று மனைவி சிரிப்பாள்.

அவள் போன பிறகு நடுவும் காலி, மறு ஓரமும் காலி.

சுவரில் மனைவியும் மகளும் சேர்ந்த படங்கள் நிறைய இருந்தன. அவரும் மகளும் சேர்ந்தது ஒன்றுகூட இல்லை. ஒன்று, அவர் வேலையில் இருந்திருப்பார். இல்லையென்றால், "நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க" என்று நகர்ந்திருப்பார். இழவுக்கு மகள் வந்து போன சமயத்தில் படம் எடுக்கிற நினைப்பு யாருக்கும் வரவில்லை. அவள் திரும்பிப் போன பிறகுதான் அந்தச் சுவர் அவர் கண்ணை உறுத்த ஆரம்பித்தது.

மகளுக்கு வெளிநாட்டில் வேலை. தராசும் வெப்பமானியும் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பாள். பேச்சையும் அளந்துதான் பேசுவாள்.

"உன்கூட ஒரு போட்டோ எடுத்துக்கணும்மா. சுவத்துல மாட்ட."

"லீவு அடுத்த வருஷம்தான்பா. உங்க படத்த அனுப்புங்க, கம்ப்யூட்டர்ல சேத்துத் தர்றேன்."

"ஒட்டுப் போட்ட சட்ட மாதிரி இருக்கும். வேணாம்."

சில வாரங்களில் கூரியரில் ஒரு பழைய ஃபிலிம் கேமரா வந்தது. அதே மாடல் அவளிடமும் ஒன்று இருந்தது. ஒரே ஃபிலிமில் இரண்டு முறை படம் எடுத்தால், ஒன்றின் மேல் ஒன்று பதிந்து, ஆட்கள் புகை மாதிரி ஊடுருவித் தெரிவார்கள். அப்பா வீட்டில் ஒரு முறை, தன் வீட்டில் ஒரு முறை எடுக்கலாம் என்றாள்.

"ஃபிலிம் டப்பால வெளிச்ச அளவு நானூறுன்னு இருக்கும். நீங்க கேமரால எண்ணூறு வைங்க."

"தப்பா வைக்கச் சொல்றியே?"

"தெரிஞ்சேதான். நீங்க பாதி வெளிச்சம் குடுங்க, நான் பாதி குடுக்கறேன். ஆளுக்கு முழுசா குடுத்தா வெளுத்துப் போயிடும்."

"சரி."

"வெள்ளச் சுவர் பக்கம் போகாதீங்க. வெளிச்சம் பட்ட இடத்துல அப்புறம் எதுவும் பதியாது. எனக்கு இருட்டா இடம் விடுங்க."

இடம் விடுவதை அவருக்குச் சொல்லித் தர வேண்டுமா என்ன? ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். சோபாவில் கரும்பழுப்புப் போர்வையை விரித்தார். மகளும் அதே இடத்திலிருந்து தொடங்குவதற்காக, ஃபிலிமை மாட்டியதும், கேமராவுக்குள் படம் விழுகிற சட்டத்தின் விளிம்பை ஒட்டி ஃபிலிமில் மார்க்கரால் கோடு போட்டார். எடுத்து முடித்துத் திரும்பச் சுற்றும்போது கேமராவைக் காதோடு வைத்துக்கொண்டார். ஃபிலிமின் முனை பல்சக்கரத்திலிருந்து விடுபடுகிற சத்தம் கேட்டதும் கை நின்றது. முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் மகளால் மறுபடி மாட்ட முடியும். லிஃப்ட் தளத்தில் வந்து உட்காரும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த காது, ஏமாறவில்லை.

ஃபிலிமை மகளுக்கு அனுப்பினார். அவள் தன் வீட்டில் அதன் மேலேயே எடுத்து, கழுவி அனுப்பிய படங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் மகள் இருந்தாள். சோபாவில் அவள் முழங்கை வழியாகப் போர்வையின் மடிப்பு தெரிந்தது. சமையலறைக் கதவில் சாய்ந்திருந்தாள், கதவின் தாழ்ப்பாள் அவள் தோளில் இருந்தது. அவரை எந்தப் படத்திலும் காணோம்.

போன் வந்தது.

"அப்பா, நீங்க எங்க?"

"வீட்டுலதாம்மா."

"படத்துல எங்கன்னு கேக்கறேன்."

"நீ உக்காந்து எடுத்ததும் ஃபிலிம் திரும்பி வரும், கடைசியா நான் உக்காந்துக்கலாம்னு இருந்தேன்."

"ஐயோ, கழுவிட்டேனேப்பா! கழுவினா அவ்வளவுதான். மொதல்லயே ஏன் உக்காரல?"

"நீ எங்க உக்காருவன்னு தெரியாம நான் பாட்டுக்கு உக்காந்து, உன் மேலயே உக்காந்துட்டேன்னா?"

மகள் சிரித்துவிட்டாள். அம்மா போன பிறகு அவள் சிரித்து அவர் கேட்டதில்லை. அது சட்டென்று நின்றும் போனது.

"இந்தத் தடவ நீங்க உக்காருங்க. எங்க உக்காந்தீங்கன்னு சொல்லுங்க. மிச்ச இடம் எனக்கு."

இரண்டாவது ரோல் ஆரம்பமானது. கேமராவை அலமாரி மேல் வைத்து, டைமர் கம்பியைத் தள்ளிவிட்டு, அது விர்ரென்று ஓடி முடிவதற்குள் முழங்காலைத் திட்டிக்கொண்டே சோபாவுக்கு வந்தார். உடம்பு தானாக ஓரத்துக்குப் போனது. ஒரு சாண் உள்ளே நகர்ந்து உட்கார்ந்தார். விளக்கு அவர் பக்கம் மட்டும் எரிந்தது. பக்கத்து இடம் இருட்டாகக் கிடந்தது. ஷட்டர் விழுந்ததும் எழுந்து போன் போட்டார்.

"சோபா. இடது பக்கம்."

"உங்களுக்கு இடதா, கேமராவுக்கு இடதா?"

"ஐயையோ. இரு, மறுபடி உக்காந்து பாத்துச் சொல்றேன்."

இப்படிப் படத்துக்கு ஒரு போன். மற்றபடி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அந்த ரோலும் மகளிடம் போய்ப் படங்களாகத் திரும்பி வந்தது. பெரும்பாலானவை சொதப்பல். ஒன்றில் மகளின் காது அவர் நெற்றியில் முளைத்திருந்தது. இன்னொன்றில் இருவருக்குமாக மூன்று கால்கள். ஒன்றே ஒன்று சரியாக வந்தது. சோபாவில் அவர், பக்கத்தில் அவள், நடுவில் ஒரு கை அகலம். அவள் நேராகக் கேமராவைப் பார்த்தாள். அவர் முகம் முழுக்க அவள் பக்கம் திரும்பியிருந்தது.

அதைச் சுவரில் மாட்டிவிட்டு மகளிடம் சொன்னார்.

"நல்லா இருக்குப்பா," என்றாள். "ஆனா ஏன் கேமராவப் பாக்கல?"

"பக்கத்துல ஆள் உக்காந்திருக்கையில கேமராவ என்னத்துக்கும்மா பாக்கறது?"