மேல்மாடியில் எடுத்த முகம்

வாசித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். என் வலது கைப் பெருவிரலை நேரில் பார்த்தவர்கள் சிரிப்பதில்லை. போன வருடம் ஒக்டோபர் மாதம், ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில், கொட்டாஞ்சேனையில் எனக்கு நடந்தது இது. ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை.

என் பெயர் ஐறீன். ஓவியம், சிற்பம், கலை வரலாறு மூன்றையும் சேர்த்துப் படிப்பிக்கும் ஒரு சிறிய தனியார் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். துறைமுகத்துப் பக்கம் போகிற தெருவில் ஒரு பழைய கட்டடம். கீழே வகுப்புகள். மேல்மாடி முழுவதும் சிற்பக்கூடம். எப்போதும் ஈரக் களிமண் மணக்கும். ஜன்னலைத் திறந்தால் கப்பல் சங்கு கேட்கும்.

அந்தத் தவணை சவுந்தரநாயகம் சேர் எங்களுக்கு முக அச்சுகளைப் பற்றிப் படிப்பித்தார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பெரிய ஆட்கள் செத்தால், உடம்பு ஆறுவதற்குள் முகத்தில் சாந்து பூசி அச்செடுத்துவிடுவார்களாம். பிறகு அதைப் பார்த்துத்தான் சிலை செய்வார்கள். படங்களைத் திரையில் காட்டினார். மூடிய கண்கள். ஒட்டிய கன்னங்கள். 

"வாசிச்சா மட்டும் காணாது பிள்ளையள். செய்து பாக்கோணும்" என்றார் சேர்.

இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவரின் முகத்தை மற்றவர் அச்செடுக்க வேண்டும். சேர் ஒரேயொரு கட்டுப்பாடு போட்டார்.

"பிளாஸ்டருக்குக் கீழ கிடக்கிற ஆளைத் தனிய விடக் கூடாது. ஒரு நிமிசமும்."

என்னோடு சேர்ந்தவள் லுத்பியா. கிராண்ட்பாஸ்காரி. முதல் நாளிலிருந்தே என் கூட்டாளி. திங்கட்கிழமை வேலையை ஒப்படைக்க வேண்டும். அதனால் சனிக்கிழமை காலையிலேயே போய்விட்டோம். கட்டடத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. காலையில் அவள் முகத்தை நான் எடுத்தேன். ஒரு பிரச்சினையும் இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்தோம். மழை பிடித்துக்கொண்டது. மூன்றரை மணியளவில் நான் மேசையில் ஏறிப் படுத்தேன்.

லுத்பியா என் முகம் முழுக்க வசலின் பூசினாள். எலும்பு முறிந்தால் கட்டுகிற அதே பிளாஸ்டர் பண்டேஜை வெட்டி, வெந்நீரில் தோய்த்து, துண்டு துண்டாக ஒட்டினாள். நெற்றி. கண். கன்னம். கடைசியாக வாய். மூக்கின் இரண்டு துவாரங்களை மட்டும் விட்டாள்.

"கதைக்க ஏலாதே இப்ப. பெருவிரலத் தூக்கினா ஓகே. மேசையில தட்டினா கழட்டிடுவன். சரியா?"

பெருவிரலைத் தூக்கினேன்.

இருட்டு. பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். முகத்தில் யாரோ உள்ளங்கையை வைத்திருப்பதுபோல இருந்தது. மழைச் சத்தம் தூரத்தில் கேட்டது.

அவளுடைய போன் அடித்தது.

"உம்மா எடுக்கிறா. இங்க சிக்னல் இல்ல. படியில நிண்டு கதைச்சிட்டு ஓடி வாறன். ஆடாம இரு."

தனியே விட்டுவிட்டுப் போகிறாளே என்று நினைத்தேன். ஆனாலும் பெருவிரலைத் தூக்கினேன். செருப்புச் சத்தம் போனது. கதவு கிறீச்சிட்டது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு கதவு மூடியது. தாழ்ப்பாள் விழும் சத்தம்... டக்.

ஏன் பூட்டுகிறாள்?

காலடிச் சத்தம் வந்தது. செருப்பு இல்லை. வெறுங்கால். பாரமான கால்.

பண்டேஜைத் தண்ணீரில் தோய்க்கும் சத்தம் கேட்டது. சொட்டு... சொட்டு... ஒரு ஈரத் துண்டு என் கழுத்தில் விழுந்தது. ஐஸ் மாதிரிக் குளிர்.

நாங்கள் கழுத்தை எடுப்பதாகப் பேசவில்லை.

இன்னொரு துண்டு. இன்னொன்று. கை வேகமாக வேலை செய்தது. பழகிய கை. லுத்பியாவின் விரல்கள் மெல்லியவை. இவை தடித்தவை. சொரசொரப்பானவை.

மேசையில் தட்டினேன்.

கை நிற்கவில்லை.

பலமாகத் தட்டினேன். என் வலது கையை எதுவோ பிடித்தது. பெருவிரலைத் தனியாகப் பிரித்து எடுத்தது. மெதுவாகப் பின்னால் மடித்தது...

முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

கத்தினேன். வாய் திறக்கவில்லை. சத்தம் முழுவதும் தலைக்குள்ளேயே சுற்றியது.

காதோரம் ஒரு மூச்சு. ஒரு ஆணின் குரல். மிக அன்பாக.

"அசையாதேயுங்கோ... முகம் பழுதாப் போயிடும்."

என் மூக்கை ஒரு கட்டைவிரல் அழுத்தி மூடியது.

பிறகு கழுத்தில் இரண்டு கைகளும் இறுகின.

துள்ளினேன். என் தலையைத் தூக்கி மேசையில் அடித்தது. மறுபடியும். மறுபடியும்.

இடது கையை வீசினேன். ஒரு மணிக்கட்டு அகப்பட்டது. நரம்பும் மயிருமாக. நகங்களை இறக்கினேன். சதைக்குள் போகும்வரை இறக்கினேன். இழுத்தேன்.

பிடி விட்டது.

உருண்டு கீழே விழுந்தேன். முகத்தில் இருந்ததைப் பிய்த்து எறிந்தேன். புருவமும் தோலும் சேர்ந்து வந்தன.

மூச்சு வந்தது.

கண் திறந்தேன்.

அறையில் யாரும் இல்லை.

கதவு வெளியிலிருந்து அதிர்ந்தது.

"ஐறீன்! என்னத்துக்கு லொக் போட்டாய்? ஐறீன்!"

லுத்பியாவின் குரல். தாழ்ப்பாள் உள்ளே போட்டிருந்தது. ஜன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி. தவழ்ந்துபோய் இடது கையால் தாழ்ப்பாளை இழுத்தேன். அவள் என் கழுத்தைப் பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சுவர் மணிக்கூட்டில் மூன்று ஐம்பது.

வைத்தியசாலையில் பெருவிரலுக்குக் கம்பி வைத்தார்கள். என் இடது கை நகங்களுக்குள் இரத்தமும் தோலும் இருந்தன. தாதி ஒருத்தி கழுவிவிட்டாள். பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். உள்ளே தாழிட்ட அறைக்குள் யார் வந்தது, எப்படிப் போனது என்று கேட்டார்கள். 

சவுந்தரநாயகம் சேர் அந்த மேல்மாடியை அன்றே மூடினார். நிலத்தில் கிடந்த அச்சைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போடத்தான் எடுத்திருக்கிறார். உள்பக்கத்தைப் பார்த்ததும் போடவில்லை. துண்டுகளைச் சேர்த்துக் கட்டி, உள்ளே பிளாஸ்டர் ஊற்றினார். மூன்றாம் நாள் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் துணியால் மூடி ஒன்று இருந்தது.

"பயப்படாதேயுங்கோ" என்று சொல்லித் துணியை எடுத்தார். 

அது என் முகம் இல்லை.

என் முகம் உருண்டை. அது நீளம். என் வாய் பண்டேஜுக்குள் மூடியிருந்தது. அந்த வாய் முழுதாகத் திறந்திருந்தது. உள்ளே முன்பல் ஒன்றின் மேல் இன்னொன்று ஏறியிருந்தது. மூக்கு உடைந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கழுத்தில் பத்து விரல்களின் குழிகள்.

லுத்பியா அழத் தொடங்கினாள்.

"எனக்கு இந்தப் பிள்ளையைத் தெரியும்" என்றார் சேர். "நாங்கள் படிக்கேக்க, பாத்துப் படம் கீற மொடலா வந்து இருக்கிற பிள்ளை. றஷ்மி. வீடு முகத்துவாரத்தில. பதினாலு வருசத்துக்கு முந்திக் காணாமப் போனவ."

அப்போது அந்த மேல்மாடியை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்தியவர் ஹெக்டர் என்ற சிற்பி. சேருக்கும் அவர்தான் ஆசிரியர். றஷ்மி கடைசியாகப் போனது அவரிடம்தான் என்று ஊரெல்லாம் கதைத்தது. பொலிஸ் பிடித்தது. உடலும் இல்லை, சாட்சியும் இல்லை. விட்டுவிட்டார்கள்.

சேர் றஷ்மியின் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார். அந்த அம்மா, பிறிஜெற் அன்ரி, மீன் விற்றுவிட்டு நேரே வந்தா. சீலையில் செதில் ஒட்டியிருந்தது. முகத்தைப் பார்த்தா. விரலை அந்த வாய்க்குள் விட்டு, ஏறிய பல்லைத் தடவினா. அழவில்லை.

"இது என்ட மகள்."

பிறகு என் கழுத்தைப் பார்த்தா. கறுத்துப்போன தடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டா.

"நிறைய நோந்ததா, மகள்?"

என்னைக் கேட்டாவா, அதைக் கேட்டாவா என்று எனக்குத் தெரியவில்லை. "ஓம் அன்ரி" என்றேன்.

அந்த முகத்தைத் தன் சீலைத் தலைப்பில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போனா. பங்கு ஃபாதரிடம் மன்றாடி, சின்னப் பெட்டியில் வைத்து மாதம்பிட்டி மயானத்தில் அடக்கம் பண்ணினா. நாங்கள் எல்லோரும் போனோம். பெட்டி மண்ணுக்குள் இறங்கிய பிறகுதான் அன்ரி வாய்விட்டுக் கத்தினா.

இத்தோடு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. அந்தக் கையை நான் பார்க்க வேண்டும்.

ஹெக்டர் உயிரோடு இருந்தார். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடி ஃபிளாட். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கை என்று சேர் சொன்னார். பழைய சிற்பிகளைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறோம் என்று பொய் சொல்லிக்கொண்டு நானும் லுத்பியாவும் போனோம்.

கதவைத் திறந்தவர் அவரைப் பராமரிக்கும் அம்மா. வெள்ளையம்மா என்று பெயர். ஹட்டன் பக்கம் ஊர்.

"ஐயாவால பேச முடியாதுங்களே. ஒரு வெரலுகூட அசையாது. பார்த்துட்டு மட்டும் போங்க."

கட்டிலில் ஒரு கிழவர். எலும்பும் தோலும். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண்கள் மட்டும் அசைந்தன. என் முகத்தைப் பார்த்தன. பிறகு கீழே இறங்கி... என் கழுத்தில் நின்றன.

வலது மணிக்கட்டில் வெள்ளைக் கட்டு.

"கையில என்ன?" என்று கேட்டேன். 

வெள்ளையம்மா அறைக்கு வெளியே எங்களைக் கூட்டிவந்தார். கதவைச் சாத்தினார்.

"சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க பாப்பா. போன மாசம், ஒரு சனிக்கிழம. நல்ல மழ. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்ன. பக்கத்துலயே ஒக்காந்து ஐயாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தேன். கை போர்வ மேல சும்மா கெடந்திச்சு. யாரும் தொடல. என் கண்ணு முன்னாடியே தோலு கிழியுது... நாலு கோடு. ரத்தமாக் கொட்டுது."

லுத்பியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வலியில துடிச்சிருப்பாரே?" என்று கேட்டாள்.

வெள்ளையம்மா மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"அதாங்க எனக்குப் பயம். ரெண்டு வருசமா கோணிக் கெடந்த வாயி, அன்னிக்கு நேரா இருந்திச்சு. ஐயா சிரிச்சுக்கிட்டு இருந்தாருங்க."