செவ்வாய்க்கிழமை விமானத்தில் இரண்டு இடங்கள்

சொகுசுக் கப்பலில் போக வேண்டும் என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால் நான் முதலில் அறையைப் பற்றிப் பேசமாட்டேன். சாப்பாட்டைப் பற்றியும் பேசமாட்டேன். கப்பல் கிளம்பும் ஊருக்கு ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள் என்பேன். விமானச் சீட்டை நீங்களே தனியாக எடுத்தால் விமானக்காரனுக்குக் கப்பலைத் தெரியாது, கப்பல்காரனுக்கு விமானத்தைத் தெரியாது. நீங்கள் பிந்தினால் அவன் ஏணியை எடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு, கடல் தெரியும் அறைக்கு எவ்வளவு கூட என்று கேட்பார்கள். எனக்குக் கோபம் வந்துவிடும். அந்தக் கோபம் அவர்கள் மேல் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் பதுளை கடைவீதியில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த பயணச்சீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஒரு மேசை, ஒரு தொலைபேசி, மழைக்காலத்தில் காகிதத்தை மென்று துப்பும் ஒரு பேக்ஸ் இயந்திரம், அவ்வளவுதான். முதலாளி ஒரு ஹாஜியார். எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டு வேலைக்காக அரபு நாடுகளுக்குப் போகும் பெண்கள். உல்லாசமாக ஊர் சுற்ற என்று ஒருவரும் அந்தப் படி ஏறியதில்லை.

அதனால்தான் பள்ளியில் எனக்குக் கணக்குப் படிப்பித்த சேர் ஒருநாள் வழவழப்பான கப்பல் புத்தகம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தபோது ஹாஜியாருக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன சேர், கப்பலொண்டு வாங்கப் போறீங்களா?"

சேர் சிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் முப்பது வருடம் படிப்பித்து, ஓய்வு பெற்று, ஊருக்குத் திரும்பிப் போக வழியில்லாமல் இங்கேயே வாடகை வீட்டில் தங்கிவிட்டவர். பிள்ளைகள் மூன்று பேர். மூத்த மகன் கனடாவில், மகள் பிரான்சில், இளைய மகன் ஜெர்மனியில். மூவரும் அகதியாகப் போனவர்கள். அவர்களுடைய பயணப் புத்தகத்தில் எல்லா நாடுகளுக்கும் போகலாம், இலங்கை தவிர என்று எழுதியிருந்தது. அந்த வரியை நான் ஒரு பிரதியில் என் கண்ணாலேயே பார்த்தேன். உலகம் முழுவதும் போகலாம், அம்மாவிடம் மட்டும் போகக் கூடாது என்பதைத்தான் அத்தனை மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

அந்த அம்மாவுக்கு, சேரின் மனைவிக்கு, வயிற்றில் புற்றுநோய். பதுளை ஆஸ்பத்திரியில் காட்டி, கொழும்புக்குப் போய் வெட்டியும் அது திரும்பவும் வந்துவிட்டது. இனிப் பிள்ளைகள் மூவரையும் ஒரே இடத்தில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவரது ஆசை. பதினொரு வருடமாக மூவரையும் சேர்த்துப் பார்த்ததில்லை. அதற்கு வழி கண்டுபிடித்தது மூத்தவன். சிங்கப்பூரிலிருந்து ஐந்து நாள் கப்பல். அம்மா நடக்கத் தேவையில்லை, சமைக்கத் தேவையில்லை, கப்பலிலேயே டொக்டர் இருப்பார், மூன்று வேளையும் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம். கப்பலுக்கு அவன் பதிந்துவிட்டான். கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கான விமானத்தை மட்டும் நாங்கள் இங்கே எடுக்க வேண்டும்.

எனக்குக் கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் படித்தேன். கொழும்பில் உள்ள அலுவலகங்களுக்குத் திரும்பத் திரும்பப் போன் எடுத்து, அவர்கள் சலித்துக்கொள்ளும் வரை கேட்டேன். கப்பல் கிளம்பும் நேரம் வேறு, பயணிகளை ஏற்றி முடிக்கும் நேரம் வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. வயிற்றைப் பிரட்டாமல் இருக்க வேண்டுமானால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் அறை கேட்க வேண்டும். மருந்தைப் பெரிய பெட்டியில் போடக் கூடாது, ஏனென்றால் அது அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். டொக்டரின் கடிதத்தை ஆங்கிலத்தில் வாங்கி இரண்டு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினேன். முதல் பக்கத்தில் எழுதியது, ஒரு நாள் முந்திப் போய்ச் சேர வேண்டும் என்பது.

கப்பல் வியாழக்கிழமை பின்னேரம் கிளம்புகிறது. செவ்வாய் காலை பதுளையில் ரயில் ஏறி, அன்றிரவு கொழும்பில் விமானம் பிடித்து, புதன் காலை சிங்கப்பூரில் இறங்கி, ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டு வியாழன் கப்பல் ஏறலாம். அப்படித்தான் சீட்டு எடுத்தேன். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சேர் தனியாக வந்தார். கதிரையில் உட்காராமலே பேசினார்.

"பிள்ளை, செவ்வாய்க்கிழமை வெளிக்கிடக் கூடாதெண்டு அவ நிக்கிறா. வருத்தக்காரி, மனசை நோகடிக்கேலாது. புதனுக்கு மாத்தித் தாரும்."

"சேர், புதன் போனா வியாழன் காலையிலதான் எறங்குவீங்க. அன்னைக்கே கப்பல். கொஞ்சம் பிசகினாலும் போச்சு சேர். திங்கக்கிழமை போயிடலாமே?"

"திங்கள் ஆஸ்பத்திரியிலை மருந்து ஏத்த வேணும். நான் கணக்குப் பாத்திட்டன். கப்பல் ஏறப் பின்னேரம் நாலு மணி மட்டும் நேரம் இருக்கு. காணும்."

கணக்குப் பார்த்தது கணக்கு வாத்தியார். அவர் முன்னால் நின்றபோது பலகைக்கு முன்னால் சோக்குடன் நின்ற பெண்ணாகவே நான் ஆகிவிட்டேன். புதனுக்கு மாற்றிக் கொடுத்தேன்.

அன்றைக்குத் தேயிலைத் தோட்டத்துக்குப் பஸ்ஸில் போய் இறங்கி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்துக்கு ஏறிப் போனதும் என் அம்மாவிடம் சொன்னேன். என் அம்மா மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"இதுக்குப் போயி டிக்கட்ட மாத்துவாங்களா? திங்கக்கிழமை நல்ல நேரத்துல பெட்டிய அடுத்த வூட்ல கொண்டுபோயி வச்சிட்டா பயணம் அன்னைக்கே கெளம்பியாச்சுன்னு அர்த்தம். அப்புறம் செவ்வாக்கிழமை ஆளு போனா என்ன? நம்ம ஆளுக காலங்காலமா அப்படித்தானே செய்யுறாங்க. ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். என் மாமா கொழும்புக்கு வேலைக்குப் போனபோது அவருடைய துணிப்பை இரண்டு நாள் எங்கள் லயத்து அறையில், எங்கள் காம்பராவில்தான் இருந்தது. தெரிந்தும் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அலுவலகம் போனதும் முதல் வேலையாக விமான அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். செவ்வாய்க்கிழமை விமானத்தில் நான் விட்டுக்கொடுத்த இரண்டு இடங்களும் அப்படியே இருந்தன. பத்து மணிக்குள் சொன்னால் திரும்பவும் மாற்றித் தருவதாக அந்தப் பெண் சொன்னாள். சேர் வீட்டுக்குப் போன் எடுக்கப் போனேன். மூன்று இலக்கம் சுழற்றிவிட்டு வைத்துவிட்டேன்.

ஏன் வைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். வெட்கம். தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி, கணக்குச் சேரிடம் போய், பெட்டியைப் பக்கத்து வீட்டில் வைத்தால் பயணம் தொடங்கியதாகிவிடும் சேர் என்று சொல்வதா? லயத்துக் கதை என்று சிரிப்பாரே. பத்தாம் வகுப்பில் நான் ஒரு கணக்கைச் சரியாகச் செய்தபோது, "தோட்டத்திலை இருந்து வந்தும் நல்லாச் செய்யிறாய்" என்று பாராட்டியவர் அவர். பாராட்டுத்தான். ஆனாலும் அந்த "வந்தும்" என் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டிருந்தது. பத்து மணி தாண்டியது. நான் வேறு யாருக்கோ சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை பதுளை ஸ்டேஷனில் அவர்களை ஏற்றிவிட்டேன். சேரின் மனைவி, அந்த அம்மா, பச்சைச் சேலையில் எலும்பும் தோலுமாக, ஆனால் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். மூன்று பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பொதியாகப் பருத்தித்துறை வடை செய்து கொண்டுபோனார். மழை பெய்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் அந்த மாதத்தில் மழை பெய்வது ஒரு செய்தியே இல்லை.

ஹப்புத்தளைக்கு அப்பால் தண்டவாளத்தில் மண் சரிந்தது. ரயில் நடுமலையில் நின்றது. ரோட்டிலும் மண் சரிந்திருந்ததால் பஸ்ஸும் இல்லை. அந்தக் குளிரில், ஈரக் காற்றடிக்கும் பெட்டிக்குள், மருந்து ஏற்றி இரண்டே நாள் ஆகியிருந்த அந்த மனுஷி அடுத்த நாள் விடியும் வரை உட்கார்ந்திருந்தார். வியாழன் மத்தியானம் கொழும்பிலிருந்து சேர் போன் எடுத்தபோதுதான் எனக்கே முழு விவரமும் தெரிந்தது. விமானம் முதல் நாளே போய்விட்டது. அடுத்தது அன்றிரவு. அதில் போனால் கப்பல் போன பிறகுதான் சிங்கப்பூரில் இறங்கலாம்.

மூத்தவன் துறைமுகத்திலிருந்து போன் எடுத்தான். ஏறுவதா நிற்பதா என்று என்னிடம் கேட்டான். அடுத்த துறைமுகத்தில் அம்மாவை ஏற்றிவிடலாம் என்ற நம்பிக்கையில் அவர்கள் ஏறினார்கள். விசாரித்தேன். கப்பலோடு வருகிறவர்கள் அங்கே இறங்கி ஏறலாம், விமானத்தில் தனியாகப் போனால் விசா வேண்டும் என்றார்கள். அதையும் என் கொப்பியில் எழுதிக்கொண்டேன், யாருக்காகவோ. சிங்கப்பூரிலேயே போய்க் காத்திருக்கலாம், ஐந்து நாளில் கப்பல் திரும்பி வரும் என்று சேரிடம் சொல்ல நினைத்தபோது, அம்மாவுக்குக் காய்ச்சல் கூடி நெஞ்சில் சளி கட்டி, கொழும்பு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். விமானத்தில் ஏற்றவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

பிள்ளைகள் மூவரும் அந்தச் சொகுசுக் கப்பலில் ஐந்து நாள் சுற்றினார்கள். ஒரே மேசையில் மூன்று வேளையும் உட்கார்ந்திருப்பார்கள். என்ன சாப்பிட்டார்களோ, என்ன பேசினார்களோ, நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மாவைப் பதுளைக்குக் கொண்டுவந்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். கட்டில் பக்கத்தில் நின்றதும் அழுகை வந்துவிட்டது. அவர் என் கையைப் பிடித்தார்.

"நீ ஏன் பிள்ளை அழுகிறாய்? நான்தானே செவ்வாய் வேண்டாமெண்டனான். என்ரை பிழை."

இல்லை, என் பிழை என்று சொல்ல வாயெடுத்தேன். சேர் தலைமாட்டில் நின்றார். சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் ஒருவரும் வர முடியவில்லை. கொள்ளி வைத்தது சேர்தான்.

முப்பத்தொன்றாம் நாள் சடங்கு கழிந்ததும் சேரின் வீட்டுக்குப் போனேன். இனியும் பொறுக்க முடியாது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். என் அம்மா சொன்ன வழி, காலியாக இருந்த இரண்டு இடங்கள், மூன்று இலக்கத்தோடு வைத்த போன், எல்லாம். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவவும் அதைத்தான் கேட்டவ, பிள்ளை. பெட்டியைத் திங்களே பக்கத்து வீட்டிலை வைச்சிட்டுச் செவ்வாய் போவம், பயணம் பிந்தக் கூடாது எண்டு. நான்தான் சிரிச்சனான். பெட்டியை வைச்சு ஆரை ஏமாத்தப் போறீர், நம்பினால் ஒழுங்கா நம்பும், இல்லாட்டி விடும் எண்டு சொல்லிப்போட்டு உம்மட்டை வந்தனான்."

ஆஸ்பத்திரியில் அந்த அம்மா யாரைக் காப்பாற்றினார் என்று அப்போதுதான் புரிந்தது.

"பிள்ளையள் தாயைத்தான் குறை சொல்லீனம். நான் சொல்லுறன் அவையளுக்கு. ஆறுதலாச் சொல்லுறன்" என்றார்.

ஒரு வருடம் போனது. ஆட்டைத் திவசத்துக்கு முதல் நாள் மகள் பிரான்சிலிருந்து அலுவலகத்துக்குப் போன் எடுத்தாள். வீட்டுப் போன் வேலை செய்யவில்லை, அப்பாவிடம் சொல்லிவிடுங்கள் என்று ஏதோ சொன்னாள். வைக்கப் போகும்போது அவள் குரல் உடைந்தது.

"அக்கா, எனக்கு அம்மாவிலை இன்னும் கோவம் ஆறேல்லை. பதினொரு வருசத்துக்குப் பிறகு எங்களைப் பாக்க வெளிக்கிடேக்கையும் அவவுக்குச் செவ்வாய்க்கிழமைதான் பெரிசாப் போச்சு, என்ன?"

சேர் சொல்லியிருக்கவில்லை. சொல்ல அவருக்கு வாய் வந்திருக்காது. அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் போன் என் கையில் இருந்தது, இந்த முறை அதை வைக்க மனம் வரவில்லை. சொல்லிவிட்டேன். முதலில் என் பங்கை, பிறகு அவள் அப்பாவின் பங்கை.

லைன் அறுந்துவிட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன்.

"பெட்டியை வைப்பம் எண்டு அம்மாவே கேட்டவவோ?"

"ஆமாங்க. அவங்கதான் கேட்டாங்க."

"அப்ப அம்மா வரத்தானே பாத்திருக்கிறா" என்றாள் மகள்.