பங்களா கிரிலும் புஷ்பராணியின் காதும்

கேஸ் கிரிலில் தீ திருகு குமிழ்ப் பக்கமாக வெளியே பாய்ந்துவிட்டது, உடனே வர முடியுமா என்று ஓப்பநாயக்கவிலிருந்து ஒரு காலையில் போன் வந்தது. பெல்மதுளையில் நான் கேஸ் அடுப்பு ரிப்பேர் கடை போட்டு அப்போது இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. பேசியவர் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களாவின் மேனேஜர். அந்தப் பங்களாவில் இப்போது சுற்றுலாப் பயணிகள் தங்குகிறார்கள். பின்பக்கப் புல்தரையில் நான்கு பர்னர் உள்ள பெரிய கிரில் ஒன்று உண்டு. விருந்தாளிகளுக்கு மீனும் கோழியும் அதில்தான் சுடுவார்கள்.

1. பார்த்த மாத்திரத்தில் சொன்னது

மேனேஜர் சிங்களவர். தமிழும் ஓரளவு பேசுவார். என்னைக் கண்டதும், "பாஸ், மேக்க தென் ஹரியன்னே நே" என்றார். இது இனி சரிவராது என்று அர்த்தம். தொழில் தெரிந்தவனை இங்கே பாஸ் என்பார்கள்.

"இந்தப் பொம்பள மூடிய தெறக்காம கேஸ விட்டு பத்த வச்சிருக்கு. கெஸ்ட் ரெண்டு பேர் பக்கத்துல நின்னாங்க. இன்னொரு தடவ இப்பிடி நடந்தா நான் என்ன செய்ய?"

சமையற்காரி புஷ்பராணி குசினி வாசலில் நின்றாள். அதே தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தைச் சேர்ந்தவள், நாற்பது வயதிருக்கும். வலது கையில் மணிக்கட்டு வரை மயிர் கருகி, தோல் சிவந்திருந்தது.

கிரிலின் மூடி துருப்பிடித்திருந்தது. முன்தகடு கருகியிருந்தது. உள்ளே கொழுப்பு தார் மாதிரி உறைந்து கிடந்தது. நான் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை. "புதுசு வாங்குறதுதான் நல்லதுங்க மாத்தயா" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். தொழிலில் பழகிப்போனவனுக்கு வருகிற சோம்பல் அது.

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அண்ணே, ஒருக்கா கழட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க. மூனாவது பர்னர் ஒரு கெழமையா சத்தம் மாறிக் கெடக்கு. இந்தத் தொரைகிட்டயும் சொன்னேன்."

"என்ன சத்தம்?"

"மத்தது மூனும் ஒரே சீரா இரையுது. இது மட்டும் மூச்சு முட்டுன மாதிரி பொக்கு பொக்குங்குது."

நெருப்பு மஞ்சளாக இருக்கிறது, சட்டி கரி பிடிக்கிறது, கேஸ் மணக்கிறது என்றெல்லாம் ஆட்கள் வந்து சொல்வார்கள். பர்னரின் நம்பரோடு சத்தத்தைச் சொன்ன ஒருவரை நான் அதுவரை சந்தித்ததில்லை. வெட்கத்தோடு டூல் பெட்டியைத் திறந்தேன்.

2. குழாய்க்குள் இருந்தது

இந்த வேலைக்கு வருகிற தம்பிமார் முதலில் செய்ய வேண்டியது இதுதான். சிலிண்டரை மூடிக் கழற்றிவிட்டு, கிரிலின் அடித்தட்டை ஸ்க்ரூட்ரைவரால் நாலு இடத்தில் அழுத்திக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் பெட்டியே உளுத்துவிட்டது, தூக்கிப் போடலாம். இங்கே எங்கேயும் இறங்கவில்லை. துரு மேலோடு நின்றிருந்தது.

மூன்றாவது பர்னரை உருவினேன். பர்னரின் வால்பக்கம் ஒரு குழாய் இருக்கும், வென்சுரி என்போம். வால்விலிருந்து வரும் கேஸ் அங்கேதான் காற்றோடு கலக்கும். அந்தக் குழாயின் வாய் மண்ணால் அடைத்திருந்தது. உளியால் தட்டினேன். குளவிக்கூடு! நாலைந்து சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் குட்டிச் சிலந்திகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. அவை செத்திருக்கவில்லை, குளவி கொட்டி மயக்கி வைத்தவை. தொட்டதும் ஒன்றின் கால் லேசாக அசைந்தது. நடுவில் வெள்ளைப் புழு ஒன்று. விரல் நுழையாத இடத்தில், ஒரு குளவி தன் குஞ்சுக்குக் களஞ்சியமே கட்டி வைத்திருந்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலையை மறந்து நின்றேன்.

பிறகு மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கேஸ் உள்ள போக வழியில்ல. அதான் திரும்பி வந்து குமிழ்கிட்ட பத்தியிருக்கு. இவங்க மேல தப்பு இல்லங்க."

அவர் கூட்டைப் பார்த்தார். புஷ்பராணியின் கையையும் பார்த்தார்.

மதியம் வரை சுத்தம் செய்தேன். தட்டுகளைச் சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டு, கம்பி பிரஷால் தேய்த்து, பிரஷ் கம்பி ஒன்றும் ஒட்டியிருக்காதபடி துணியால் துடைத்தேன். பர்னர் துளைகளை ஒவ்வொன்றாக ஊசியால் குத்தினேன். வெடித்துப்போயிருந்த ஹோஸையும் ரெகுலேட்டரையும் மாற்றினேன். இவை இரண்டிலும் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. பற்ற வைத்ததும் நான்கு வரிசையிலும் நீலச் சுடர் எழுந்தது.

"சரிங்க மாத்தயா, வேலை முடிஞ்சது" என்றேன்.

3. முதுகைக் காட்டிக்கொண்டு

புஷ்பராணி பத்தடி தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பைப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "மூனு அடங்குனதும்தான் கேக்குது, நாலாவதும் சரியில்லண்ணே."

குனிந்து பார்த்தேன். சுடர் நன்றாகத்தான் இருந்தது. சோதிப்போம் என்று சத்தம் போடாமல் இரண்டாவது குமிழைக் குறைத்தேன்.

"ரெண்டக் கொறச்சிட்டீங்க."

முதலாவதை அணைத்தேன்.

"ஒன்னு நின்னுருச்சு. நாலுதான் அண்ணே, அடியில ஏதோ படபடங்குது."

எல்லாவற்றையும் மூடி, ஆறவிட்டு, நாலாவது பர்னரை மறுபடி உருவி வெயிலுக்கு நேரே பிடித்தேன். அடிப்பக்கம் முடி மாதிரி ஒரு ஒளிக்கீற்று. விரிசல். இன்னும் சில நாளில் அது அகன்று, தீ கீழே இறங்கி ஹோஸைப் பிடித்திருக்கும். அந்த விரிசலோடுதான் நான் வேலை முடிந்தது என்று சொல்லியிருந்தேன்.

மேனேஜர் அவளிடம் போனார். "எப்பிடித் தெரிஞ்சது?"

மீனைக் கீழே வைத்தாள். பிறகு அவருக்கு விளங்க வேண்டுமென்று சிங்களத்திலேயே சொன்னாள். ஊரடங்கு போட்ட அந்தத் தொற்றுநோய்க் காலத்தில் காய்ச்சல் வந்ததிலிருந்து அவளுக்கு வாசனையே தெரியாது. கேஸ் கசிந்தாலும் மணக்காது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்திருக்கிறாள். மணக்காததால் காதைத் தீட்டிக்கொண்டாளாம். வெங்காயம் தண்ணீர் விடும்போது ஒரு சத்தம், வதங்கிய பிறகு வேறு சத்தம். மீன் திருப்புகிற பதமும் சத்தத்தில்தான்.

"அப்ப நாங்க இவ்ளோ நாள் சாப்பிட்டது வாசனையே தெரியாம..." என்று தொடங்கிய மேனேஜர் முடிக்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

புஷ்பராணி என்னைப் பார்த்தாள். "சொல்லியிருக்கக் கூடாதோண்ணே?"

அவளுக்கு வேலை போய்விடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து மேனேஜர் தீப்புண் மருந்தோடு வந்தார். அதை அவள் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க முந்தியே சொன்னதை நான் கேட்டிருக்கணும்" என்றார். பிறகு என்னிடம், "பாஸ், கேஸ் லீக் ஆனா அலாரம் அடிக்கிற மெஷின் இருக்குதானே? குசினியில ஒன்னு போடுங்க. நாலாவது பர்னர் மட்டும் புதுசு. மத்ததெல்லாம் இருக்கட்டும்" என்றார்.

புது பர்னர் கொழும்பிலிருந்து வரும்வரை நாலாவது குமிழைக் கழற்றி, லைனை அடைத்து வைத்தேன். அந்த கிரில் இன்றைக்கும் ஓடுகிறது.

பழசைத் திருத்துவதா, புதுசு வாங்குவதா என்று கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் நான் உடனே பதில் சொல்வதில்லை. முதலில் கழற்றுகிறேன். அதற்கும் முன்னால், தினமும் அதன் முன் நிற்கிறவரிடம் கேட்கிறேன். எல்லாம் முடிந்து பற்ற வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பேன். புஷ்பராணிக்குக் கேட்டதில் பாதிகூட எனக்கு இன்னும் கேட்பதில்லை.