கொக்குக்காக வாங்கிய லென்ஸ்

போட்டோ ஸ்டுடியோ தொழில் என்பது எதிரே இருப்பவரை அசையாமல் உட்காரவைக்கும் தொழில். ஏரிக் கொக்கிடம் அந்த அதிகாரம் செல்லாது. உத்திரமேரூர் கடைத்தெருவில் ஸ்டுடியோ நடத்திக்கொண்டிருந்த நான், அந்தக் கொக்குக்காக, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் டெலிபோட்டோ லென்ஸ் தேடி அலைந்தேன். கையில் காசு குறைவாகவும் மனதில் ஆசை அதிகமாகவும் வைத்துக்கொண்டு கேமரா தூக்கும் அன்பர்களே, நான் பட்டதில் பாதியாவது நீங்களும் பட்டிருப்பீர்கள்.

வெள்ளைப் புள்ளிகள்

காவாந்தண்டலத்துப் பக்கம் ஒரு சின்ன ஏரி. அதன் நடுவே நிற்கும் கருவேல மரங்களில் வருஷா வருஷம் கொக்குகள் கூடு கட்டும். அவற்றின் எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு எருச் செலவில் பாதி மிச்சம். அந்த வருஷம் மழை குறைவு, ஏரியில் இடுப்பளவுதான் தண்ணீர். நடந்து போயே வெட்டிவிடலாம் என்று தாலுகா ஆபீசில் மரங்களை விறகுக்கு ஏலம் விடப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் போய் முறையிட்டார்கள். "பறவை உட்காராத மரம் எங்கே இருக்கிறது? கூடும் குஞ்சும் இருந்தால் அத்தாட்சி கொண்டுவாருங்கள்" என்று அதிகாரி பத்து நாள் தவணை கொடுத்தார்.

ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருந்த முனுசாமி நேராக என்னிடம் ஓடிவந்தார். லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய ரிஃப்ளெக்ஸ் கேமரா ஒன்று என்னிடம் இருந்தது. ஆனால் மாட்டுவதற்கு வேறு லென்ஸ் கிடையாது. இருந்ததை வைத்துக் கரையிலிருந்து ஒரு பிலிம் சுருள் எடுத்து, கழுவி, பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். முனுசாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா போட்டோக்காரரே, மரத்து மேல யாரோ அரிசிய வாரி எறச்ச மாதிரி கீது!" என்றார்.

பூஞ்சை பிடித்த ஆசை

மறுநாளே பஸ் ஏறிச் சென்னைக்குப் போனேன். மூர் மார்க்கெட்டில் பழைய கேமரா சாமான் விற்கும் பாய் ஒருவர் இருந்தார். என்னிடம் இருந்தது கல்யாண சீசனில் மிச்சம் பிடித்தது மட்டும். அதைச் சொன்னதும் அவர் இரண்டு லென்ஸ்களை எடுத்து வைத்தார். லென்ஸுக்கு மில்லிமீட்டர்தான் கணக்கு, மில்லி ஏற ஏறத் தூரம் கிட்டே வரும். ஒன்று நானூறு மில்லி, உலக்கை மாதிரி நீளம். மற்றது இருநூறு மில்லி, அதில் பாதிதான். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. கேட்பானேன்! உலக்கையைத் தூக்கிவிட்டேன்.

பாய் அதை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை. அப்படியும் எனக்கு மனம் ஆறவில்லை. தூரத்துக் கொக்கு மூக்குக்கு முன்னால் வந்துவிடுமே! கேமராவில் மாட்டி எதிர்க்கடை போர்டைப் பார்க்கச் சொன்னார். போர்டு மங்கலாகத் தெரிந்தது, ஊஞ்சல் வேறு ஆடியது. பிறகு சின்னதை மாட்டினார். எழுத்து ஒவ்வொன்றும் கத்தி போல நின்றது. பெரியதை விற்றிருந்தால் அவருக்கு ஒரு தொல்லை ஒழிந்திருக்கும். நானும் சந்தோஷமாகத்தான் போயிருப்பேன். அந்த மனுஷர் விற்கவில்லை. சின்னதைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "மீதி தூரத்துக்கு லென்ஸ் வாணாம் சார், அல்லா காலு குடுத்துகீறான்" என்றார்.

இடுப்பளவு தண்ணீர்

கால் இருந்தது, போகத்தான் தெரியவில்லை. நான் ஏரியில் இறங்கிப் பத்தடி வைத்ததுமே மொத்தக் கூட்டமும் எழுந்து பறந்தது. வெயிலில் கூடுகளை விட்டுவிட்டு அவை மேலே வட்டமடித்தபோது எனக்கு உடம்பே கூசிப் போயிற்று. காப்பாற்ற வந்தவனே குஞ்சுகளைக் கொன்றுவிடுவேன் போலிருந்தது. கரையேறிவிட்டேன்.

குப்பம்மாள் அந்த ஏரியில் தினமும் கோரை அறுக்கிறவர். தலையில் கட்டோடு மரத்தடியிலேயே போவார், வருவார். ஒரு கொக்கும் கழுத்தைத் திருப்பாது. என் அவதியைப் பார்த்துவிட்டு அவர் தன் கூலியை அரை நாள் விட்டார். என் வெள்ளைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, தலையில் ஒரு கோரைக்கட்டை வைத்து, தன் பின்னாலேயே நடத்திக்கொண்டு போனார். கேமரா ஸ்டாண்டு சேற்றில் புதைந்ததும், கூடவே வந்த அவர் புருஷன் ஆறுமுகம் மூன்று சவுக்குக் கம்புகளைச் சத்தமில்லாமல் ஊன்றி, கேமராவை அதில் கட்டினார். இடுப்பளவு தண்ணீரில், அட்டை கடிக்க, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். கொக்குகள் கூட்டிலேயே இருந்தன. எப்படி என்று கரைக்கு வந்ததும் கேட்டேன். குப்பம்மாள் சிரித்தார். "மொறச்சிக்கினே கிட்ட போனா மனுசனே எழுந்து பூடுவான். கொக்கு மட்டும் குந்திக்கினு இருக்குமா?"

அத்தாட்சி

பத்தாம் நாள் முனுசாமியும் நானும் ஆபீசுக்குப் போனோம். வெளியே ஏலம் கேட்க வந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். படத்தை நானே மேஜையில் வைத்தேன். கூட்டில் மூன்று குஞ்சுகள். ஒரு குஞ்சின் வாயில் தாய்க்கொக்கு மீனைத் திணித்துக்கொண்டிருக்கிறது. மீனின் வால்கூடத் தெளிவாக இருந்தது.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஏலக் காகிதத்தை இழுத்தார், பேனா மூடியைக் கழற்றினார், திரும்ப மூடினார். பிறகு காகிதத்தை மடித்துக் கட்டுக்கு அடியில் சொருகிவிட்டு எங்களைப் பார்த்து, "சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற குழந்தைய எழுப்பி வீட்டை இடின்னு என்னால எழுத முடியாதுய்யா, போங்க" என்றார்.

குடும்பப் படம்

விஷயம் கேள்விப்பட்டுக் குப்பம்மாள், ஆறுமுகத்தையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தார். நானே கூப்பிட்டிருந்தேன், நன்றி சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. எல்லாரும் தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார்கள். "கொக்க எடுத்த அதே கொழாயிலதான் எங்களையும் எடுக்கணும்" என்று குப்பம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மாட்டினேன். குப்பம்மாளின் மூக்குத்தி மட்டும் தெரிந்தது. சுவரில் முதுகு ஒட்டும்வரை பின்னால் போனேன். ஒரு முகம் தெரிந்தது. நால்வரையும் வாசலில் பெஞ்சு போட்டு உட்காரவைத்துவிட்டுத் தெருவைத் தாண்டி, எதிர்க் காப்பிக்கடை வாசலுக்கே போய்விட்டேன். நடுவில் மாட்டு வண்டி, சைக்கிள், செங்கல்பட்டு பஸ். ஒவ்வொன்றும் போகும்வரை கையைத் தூக்கி "அசையாதீங்க!" என்று கத்தினேன். கடைசியில் குப்பம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி, "கொக்குக்கு இடுப்புத் தண்ணியில எறங்கி கிட்ட வந்தீங்க, எங்களக் கண்டா மட்டும் இன்னாத்துக்கு ரோட்டுக்கு அந்தாண்ட ஓடறீங்க?" என்றார். அத்தனை பேரும் வாய்விட்டுச் சிரித்த அந்த நொடியில்தான் பொத்தானை அழுத்தினேன்.

குறைந்த காசில் எந்த லென்ஸ் வாங்கலாம் என்று இப்போதும் யாராவது வந்து கேட்டால், நான் மில்லிக் கணக்கைச் சொல்வதற்கு முன்னால், உங்களைத் திட்டித் திருத்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றுதான் விசாரிக்கிறேன்.